புகைக்குழாயின் பழைய பூச்சும் வீட்டு முற்றத்தின் பாதுகாப்பும்

மோட்டார் சைக்கிள் இந்நாட்டில் ஆடம்பரப் பொருளாகக் கருதப்பட்ட காலம் எப்போதோ கடந்துவிட்டது. விடியற்காலையில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு சந்தைக்கு விரையும் வியாபாரி, தோட்டத்துக்குச் செல்லும் விவசாயி, பிள்ளையைப் பாடசாலையில் இறக்கிவிட்டு அலுவலகத்துக்குச் செல்லும் தாய் எனப் பல்லாயிரக்கணக்கானோரின் நாளாந்த வாழ்வு அதன் இரு சில்லுகளிலேயே தங்கியுள்ளது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்குத் தனியார் பாவனையைப் பொறுத்தவரையில் 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் விலைகள் எட்டாத உயரத்துக்குச் சென்றமையால், கையிலுள்ள பழைய வண்டியைப் பேணிக் காப்பதைத் தவிர வேறு மார்க்கம் பலருக்கு இருக்கவில்லை. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை இயங்கச் செய்து, மண்ணெண்ணெயிலேயே வண்டியோட்டிய யாழ்ப்பாணத்துத் தலைமுறைக்கு இது புதிய அனுபவமும் அன்று.

பழைய வண்டியொன்றில் முதுமையின் அடையாளத்தை முதலில் வெளிக்காட்டும் உறுப்புகளுள் புகைக்குழாயும் ஒன்று. அதன் கறுப்புப் பூச்சு செதில் செதிலாகக் கழன்று, துரு தலைகாட்டத் தொடங்கியதும், விடுமுறை நாளொன்றில் அதனைக் கழற்றி, பழைய பூச்சை அகற்றிப் புதிதாகப் பூசிவிடலாம் என எண்ணுவது இயல்பே. செலவும் மிச்சமாகும், வேலையும் பெரிதன்று. எனினும் இவ்வேலை கராஜ் ஒன்றில் அன்றி, பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலும் குடிநீர்க் கிணற்றின் அருகிலும் நடைபெறுகின்றது என்பதைப் பெரும்பாலானோர் கருத்திற்கொள்வதில்லை. கழன்று விழும் பூச்சும் அதனைக் கழற்றப் பயன்படும் இரசாயனமும் எங்கே போய்ச் சேருகின்றன என்ற கேள்விக்கு விடை கண்ட பின்னரே இவ்வேலையைத் தொடங்குதல் வேண்டும்.

பூச்சு ஏன் கழல்கின்றது?

புகைக்குழாயில் இயந்திரத்தின் வெளியேறு வாயிலை அண்டிய வளைகுழாய்ப் பகுதி சில நூறு பாகை செல்சியஸ் வரை சூடேறக்கூடியது. சைலன்சரின் வால்பகுதி அதனுடன் ஒப்பிடுகையில் குளிர்ந்தது. கதவுக்கும் படலைக்கும் பூசும் சாதாரண எனாமல் பெயின்ற் இத்தகைய சூட்டைத் தாங்காது; கருகி, கொப்புளித்து உதிர்ந்துவிடும். இதற்கெனத் தயாரிக்கப்படும் வெப்பந்தாங்கும் பெயின்ற் சிலிக்கோன் பிசினை அடிப்படையாகக் கொண்டது. அது சூடேறும்போது மேலும் இறுகி உலோகத்துடன் பிணைந்துகொள்ளும் இயல்புடையது.

சூடு மட்டுமே காரணம் அன்று. மன்னார், காத்தான்குடி, கல்முனை, புத்தளம் போன்ற கரையோரப் பிரதேசங்களில் காற்றிலுள்ள உப்பு, பூச்சின் சிறு வெடிப்பினூடாகவும் இரும்பைச் சென்றடைகின்றது. துரு பூச்சின் அடியில் படர்ந்து அதனை மேலே தள்ளுகின்றது. உட்புறத்திலும் வேறொரு அரிப்பு நிகழ்கின்றது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி, குறுந்தூர ஓட்டங்களின்போது முழுமையாக வெளியேறாது சைலன்சருள் நீராகப் படிகின்றது. அமிலத்தன்மை கொண்ட அந்நீர் உள்ளிருந்தே தகட்டைத் தின்கின்றது. ஆதலால், வெளியே பூச்சுக் கெட்ட குழாயில் உள்ளே தகடு எஞ்சியுள்ளதா என்பதை முதலில் பார்த்தல் வேண்டும். ஸ்கூறு ட்றைவரின் முனையால் ஆங்காங்கே அழுத்திப் பார்க்கும்போது தகடு அமிழ்ந்தால், அக்குழாய்க்குத் தேவைப்படுவது பெயின்ற் அன்று. வெல்டிங் வேலை அல்லது மாற்றுக் குழாய். சைலன்சரின் அடிப்புறத்தில் நீர் வடிவதற்கெனவே விடப்பட்டிருக்கும் சிறு துவாரத்தைத் துருவால் வந்த ஓட்டை எனக் கருதி அடைத்துவிடவும் கூடாது.

உலோகம் எது, பூச்சு எது?

எல்லாப் புகைக்குழாய்களும் ஒரே உலோகத்தால் ஆனவை அல்ல. சிறிய வண்டிகளில் பெரும்பாலும் மென்னுருக்குக் குழாயில் கறுப்புப் பூச்சு இருக்கும். வேறு சிலவற்றில் குரோம் முலாம் பூசப்பட்டிருக்கும். துருப்பிடிக்காத உருக்கினாலான குழாய்களும் உள்ளன. மேலுறையும் மூடியும் சிலவேளைகளில் அலுமினியமாக இருப்பதுண்டு. சாதாரண காந்தம் ஒன்று இங்கே ஓரளவுக்கு உதவும். காந்தம் அறவே ஒட்டாத, பாரங்குறைந்த பகுதி அலுமினியமாக இருக்க இடமுண்டு. ஆயினும் புகைக்குழாய்க்குப் பயன்படும் துருப்பிடிக்காத உருக்கு வகைகளுள் சில காந்தத்தில் ஒட்டுபவை. ஆகவே காந்தம் ஒட்டியதைக் கொண்டு மாத்திரம் அது சாதாரண இரும்பு எனத் தீர்மானித்துவிட முடியாது.

இவ்வேறுபாட்டை அறியாது மேற்கொள்ளும் வேலை பொருளையே கெடுத்துவிடும். கோஸ்டிக் சோடா இரும்பை வருத்தாது, அலுமினியத்தையோ கரைத்துவிடும். கரைக்கையில் தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயுவும் வெளிப்படும். கழிவறை கழுவப் பயன்படும் ஐதரோகுளோரிக் அமிலம் குரோம் முலாமை உரித்துவிடுவதோடு துருப்பிடிக்காத உருக்கிலும் குழிகளை உண்டாக்கும். அந்த அமிலத்தை வெளிற்றும் திரவத்துடன் கலந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிவரும். இரும்புக் கம்பளியால் துருப்பிடிக்காத உருக்கைத் தேய்த்தால், அதில் பதிந்துவிடும் இரும்புத் துகள்கள் சில நாட்களில் துருப்பிடித்துப் புள்ளிகளாகத் தோன்றும்.

பூச்சு எத்தகையது என்பது அதனிலும் முக்கியமானது. வண்டி கைமாறிக் கைமாறி வந்திருப்பின், தொழிற்சாலைப் பூச்சின்மேல் எவரெவரோ பூசிய எனாமல் படைகள் பல இருக்கக்கூடும். பழைய எனாமல் பெயின்ற்களில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயச் சேர்மங்கள் நிறமூட்டிகளாகப் பயன்பட்டன. இரும்புக்கு முதற்பூச்சாக இடப்பட்ட செந்நிறப் பூச்சிலும் ஈயமே பிரதான கூறாக இருந்தது. பெயின்ற்களில் ஈயத்தின் அளவுக்கு இலங்கையில் சட்டபூர்வமான உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 ஆம் ஆண்டிலேயே. ஆதலால் அதற்கு முந்திய பூச்சு எதனையும், மாறாக நிறுவப்படாதவரை, ஈயம் கலந்ததாகவே கருதிக் கையாளுதல் விவேகமானது.

ஈயம் உடலில் மெல்லச் சேரும் நஞ்சு. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கின்றது. குருதியில் பாதுகாப்பானதெனக் கூறத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. முற்றத்தில் உதிர்ந்த தூள் கண்ணுக்குத் தெரியாது மண்ணில் கலந்துவிடும். தவழும் குழந்தையின் கை அம்மண்ணைத் தொட்டு வாய்க்குச் செல்ல அதிக நேரம் தேவையில்லை. வேலை செய்தவரின் உடுப்பில் ஒட்டிய தூளும் அவர் பிள்ளையைத் தூக்கும்போது பிள்ளைக்கே சென்று சேரும்.

எரித்தல் இலகுவானது, ஆயினும் ஆகாதது

பழைய பூச்சை அகற்றுவதற்குப் பலர் முதலில் நாடுவது நெருப்பையே. குழாயை அடுப்பில் இட்டோ, எரிவாயுச் சுவாலையைக் காட்டியோ பூச்சைக் கருக்கிவிட்டால் பின்னர் சுரண்டுவது சுலபம் என்பது அவர்களது எண்ணம். ஈயம் கலந்த பூச்சைச் சுவாலையில் எரிக்கும்போது ஈயம் புகையாக எழுந்து நேரே நுரையீரலை அடைகின்றது. தூளை விழுங்குவதிலும் இப்புகையைச் சுவாசிப்பது கேடானது. மெல்லிய தகடு கோணிப்போவதும், சைலன்சருள் தேங்கியிருக்கும் எண்ணெய்க் கரி தீப்பற்றுவதும் மேலதிக இடர்கள்.

குளோரின் சேர்ந்த கரைப்பான்களால் துடைத்த குழாயைச் சூடாக்குவதோ வெல்டிங் செய்வதோ மேலும் ஆபத்தானது. அக்கரைப்பான்களின் எச்சம் பெருஞ்சூட்டில் பொஸ்ஜீன் என்னும் கொடிய வாயுவாக மாறக்கூடும். முதலாம் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. சில வகைப் பிரேக் துப்புரவுத் தெளிப்பான்களிலும் இத்தகைய கரைப்பான்கள் உள்ளன. குழாயை வெல்டிங் கடைக்குக் கொடுப்பதற்கு முன்னர் எதனால் சுத்தம் செய்தோம் என்பதைக் கடைக்காரரிடம் கூறுதல் எமது கடமையாகும்.

இரசாயனத்தின் வேகமும் விலையும்

பெயின்ற் அகற்றும் பசைகள் ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் மிக வேகமாகச் செயற்படுபவை மெதிலீன் குளோரைட் எனப்படும் இருகுளோரோமெதேனைக் கொண்டவை. பூசிய சில நிமிடங்களில் பூச்சு சுருங்கி எழுந்துவிடும். இவ்வேகமே அதன் கவர்ச்சி. ஆனால் இத்திரவம் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸில் கொதிப்பது. எமது நாட்டு வெயிலில் வைத்த தகரத்தின் மூடியை அவசரமாகத் திறந்தால் அது சீறிப் பாய்ந்து முகத்தில் படக்கூடும். அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது. அடைத்த அறையில் தரையை ஒட்டித் தேங்கும். குனிந்து வேலை செய்பவரை முதலில் மயக்கமும் தொடர்ந்து மூச்சடைப்பும் ஆட்கொள்ளும். சுவாசித்த ஆவி உடலினுள்ளே காபன் மொனொட்சைட்டாக மாறி, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலையும் குறைத்துவிடும். இதய நோயுள்ளவர்களுக்கு இது இரட்டை ஆபத்தாகும்.

இது வெறும் எச்சரிக்கை வாசகம் அன்று. ஐக்கிய அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரையான காலப்பகுதியில், குளியல் தொட்டிகளின் பழைய பூச்சை இத்திரவத்தால் அகற்றிக்கொண்டிருந்த 13 தொழிலாளர்கள் உயிரிழந்தமை பதிவாகியுள்ளது. அவர்கள் வேலை செய்த இடம் காற்றோட்டமற்ற சிறிய குளியலறைகளே. வீட்டுப் பாவனைக்காக இதனை விற்பதற்கு அந்நாடு 2019 இல் தடை விதித்தது. 2024 இல் அத்தடை மேலும் விரிவாக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முன்னரே, 2009 இல், இதனைக் கட்டுப்படுத்தத் தீர்மானித்தது. வாங்கும்போது தகரத்தின் பெயர்ச்சீட்டைப் படித்துப் பார்த்து, இத்திரவம் கலந்ததாயின் வீட்டு வேலைக்குத் தவிர்த்துக்கொள்வதே உத்தமம். கொரோனாக் காலத்திலிருந்து வீட்டில் எஞ்சியுள்ள முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது. தூளை வடிகட்டுவதற்கும் ஆவியை உறிஞ்சுவதற்கும் வெவ்வேறு சாதனங்கள் தேவை.

பென்சைல் அற்ககோலை அடிப்படையாகக் கொண்ட பசைகள் மெதுவாகச் செயற்படுபவை. பூசிப் பொலித்தீனால் மூடிச் சில மணித்தியாலங்கள் காத்திருத்தல் வேண்டும். தோலிலும் கண்ணிலும் படாது காத்துக்கொண்டால் அவற்றின் ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு. கோஸ்டிக் சோடாக் கரைசல் சாதாரண எனாமல் பூச்சை நன்கு இளக்கும். அதனைத் தயாரிக்கையில் சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றி, சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றலாகாது; ஊற்றினால் கரைசல் கொதித்துத் தெறிக்கும். தடித்த பிளாஸ்ரிக் வாளி, இறப்பர்க் கையுறை, கண்ணை முழுமையாக மூடும் கண்ணாடி ஆகியன இன்றியமையாதவை. கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடங்களுக்காவது ஓடும் நீரில் கழுவிய பின் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். எனினும், சூட்டில் வெந்து இறுகிய சிலிக்கோன் பூச்சு இவற்றுக்கு இலகுவில் அசைந்து கொடுப்பதில்லை. புகைக்குழாயைப் பொறுத்தவரையில், இறுதியில் கைவேலையே கைகொடுக்கும்.

வீட்டுக்கேற்ற முறை

குழாயை வண்டியிலிருந்து கழற்றிய பின்னரே வேலையைத் தொடங்குதல் வேண்டும். இயந்திரத்துடன் இணையும் இடத்திலுள்ள பழைய அடைப்பு வளையத்தை மீண்டும் பயன்படுத்தாது புதியதை இடுவது நன்று. மிகப் பழைய வளையங்களில் கல்நார் கலந்திருக்கக்கூடுமாதலால் அவற்றைத் தேய்த்துத் தூளாக்கலாகாது. குழாயின் இரு முனைகளையும் துணியால் இறுக அடைத்துவிட்டால் நீரோ மணலோ உட்செல்லாது. புதிய வண்டிகள் பலவற்றில் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிக் கூறு குழாயினுள்ளேயே இருப்பதால், குழாயை முழுமையாகத் திரவத்தில் அமிழ்த்துவது அதற்குக் கேடாகும்.

கிணற்றுக்கும் பிள்ளைகளின் விளையாட்டிடத்துக்கும் தொலைவான, காற்றோட்டமுள்ள நிழலில் தடித்த பொலித்தீன் விரிப்பொன்றை விரித்து, அதன்மேல் குழாயை வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் சவர்க்கார நீரால் எண்ணெய்ப் பசையைக் கழுவிவிட வேண்டும். கழன்று நிற்கும் பூச்சை மழுங்கிய தகட்டால் சுரண்டி எடுத்தபின், மேற்பரப்பை நனைத்து, நீரில் பயன்படுத்தத்தக்க அரத்தாளால் தேய்த்தல் சாலச் சிறந்தது. ஈரம் தூளைப் பறக்கவிடாது பிடித்துக்கொள்கின்றது. 80 இலக்க அரத்தாளில் தொடங்கி, 120, பின்னர் 240 என மென்மையான தாளுக்கு மாறலாம். கண்ணாடிபோல் மெருகேற்றுவது தேவையற்றது. சிறிது சொரசொரப்பு இருந்தாலே புதிய பூச்சு பற்றிக்கொள்ளும்.

மின்சாரக் கிறைண்டரில் கம்பித் தூரிகையைப் பொருத்தி வேலையை விரைவாக முடிக்கலாமே எனச் சிலர் கூறுவர். அதன் சுழற்சியில் கம்பிகள் முறிந்து ஊசிபோல் பறக்கின்றன. உலர்ந்த தூள் அயல்வீடு வரை பரவுகின்றது. தீப்பொறி அருகிலுள்ள தின்னரைப் பற்றவைக்கக்கூடும். கைத்தூரிகை நேரத்தை எடுக்கும். ஆனால் இவ்விடர்களுள் எதனையும் கொண்டுவராது. மூலை முடுக்குகள் அதிகமாகவும் பூச்சு தடிப்பாகவும் இருப்பின், மணல் வீச்சு முறையில் சுத்தம் செய்யும் பட்டறை ஒன்றிடம் குழாயை ஒப்படைப்பதே சிறந்தது. அதனை வீட்டிலே செய்து பார்க்க முனைவோர், சிலிக்கா மணலின் நுண்தூள் நுரையீரலில் ஆறாத வடுக்களை உண்டாக்கும் என்பதை மறந்துவிடலாகாது.

துப்புரவான இரும்பு, ஈரப்பதன் மிகுந்த எமது காலநிலையில் சில மணித்தியாலங்களுக்குள் மீண்டும் துருவேறத் தொடங்கிவிடும். ஆகவே உடனடியாகத் துடைத்து உலர்த்தி, தின்னர் தோய்த்த துணியால் ஒருமுறை துடைத்து, அன்றைக்கே பூசிவிடல் வேண்டும். வெப்பந்தாங்கும் பெயின்றை ஒரே தடவையில் தடிப்பாகப் பூசாது, மெல்லிய படைகளாகப் பூசுதல் அவசியம். அது காற்றில் உலர்ந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. குழாயைப் பொருத்திய பின்னர், திறந்த வெளியில் இயந்திரத்தைச் சிறிது நேரம் இயங்கவிட்டு ஆறவிட்டு, மீண்டும் சற்றுக் கூடுதலான நேரம் இயக்கி ஆறவிட்டு, படிப்படியாகச் சூடேற்றினாலேயே பூச்சு இறுகும். தகரத்தில் அச்சிடப்பட்டுள்ள கால அளவுகளைப் பின்பற்றுதல் நலம். முதல் நாளே நெடுந்தூரம் ஓடினால் பூச்சு கொப்புளிக்கும். செய்த வேலை வீணாகும்.

கழிவு செல்லுமிடம்

இறுதியாக எஞ்சுவது ஒரு வாளி அழுக்கு நீரும் ஒரு பிடி சுரண்டல் தூளும் ஆகும். இங்குதான் எம்மவர்களின் கவனக்குறைவு அதிகமாகவுள்ளது. வாளியைக் கிணற்றடி வாய்க்காலிலோ வேலியோரத்திலோ கவிழ்த்துவிடுவதோடு வேலை முடிந்ததாக எண்ணிவிடுகின்றோம். யாழ்ப்பாணக் குடாநாடு வற்றாத ஆறுகளற்ற பூமி. அதன் குடிநீர், மெல்லிய மண்படையின் கீழுள்ள சுண்ணாம்புக் கற்பாறை வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே. மேலே ஊற்றியது கீழே செல்வதைத் தடுக்க அங்கே போதிய மண்ணில்லை. கிழக்கின் கரையோரக் கிராமங்களிலும் கற்பிட்டியிலும் மணற்பாங்கான நிலத்தின் ஆழமற்ற கிணறுகளுக்கும் இதே நிலைதான்.

சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. அது பெருந்தொழில் ஒன்றினால் விளைந்த கேடு. ஒரு புகைக்குழாயின் பூச்சு அதற்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆனால் நிலத்தடி நீர் ஒருமுறை கெட்டுவிட்டால் அதனை மீட்பது எத்துணை கடினம் என்ற பாடத்தை அவ்வூர் மக்கள் கற்ற விதம் எமக்கெல்லாம் பொதுவானது.

தேய்த்த நீரை வாளியிலேயே ஓரிரு நாட்கள் அசையாது விட்டால் தூள் அடியில் படியும். தெளிந்த நீரை மெல்லத் துணியால் வடித்து, கிணற்றிலிருந்து இயன்றளவு தொலைவில், பயிர் செய்யாத இடத்தில் அகற்றலாம். படிந்த சேறு, சுரண்டிய பூச்சு, பயன்படுத்திய அரத்தாள், துணி ஆகியவற்றைப் பழைய பத்திரிகையில் பொதிந்து, பையிலிட்டு இறுகக் கட்டி, உள்ளூராட்சி சபையின் கழிவகற்றும் ஊழியர்களிடம் தனியாக, விடயத்தைக் கூறி ஒப்படைத்தல் வேண்டும். குப்பையோடு சேர்த்து எரித்தலாகாது. எரித்தால் நிலத்தில் சேராத ஈயம் காற்றில் சேரும். இரசாயனப் பசையின் எச்சத்தையோ கோஸ்டிக் சோடாக் கரைசலையோ நிலத்தில் ஊற்றுதல் எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. கழிவை ஒப்படைக்க வழியில்லாத ஊரில் அவற்றை வாங்காதிருப்பதே பொறுப்பான செயலாகும். வேலை முடிந்ததும் உடுப்பைத் தனியாகத் துவைத்து, குளித்த பின்னரே பிள்ளைகளை அண்டுதல் வேண்டும்.

தமது பொருளைத் தாமே திருத்திப் பயன்படுத்தும் பழக்கம் போற்றத்தக்கது. நெருக்கடிகள் பலவற்றைக் கடந்துவர எமது மக்களுக்கு உதவியதும் அப்பழக்கமே. ஆனால் சில நூறு ரூபாவை மிச்சப்படுத்தும் அவசரத்தில் பிள்ளையின் உடல்நலத்தையும் அயலவரின் கிணற்றையும் பணயம் வைப்பது சிக்கனமாகாது. ஒரு மணித்தியாலத்தில் நெருப்பாலோ நஞ்சாலோ முடிக்கும் வேலையை, ஈரமான அரத்தாளோடு அமர்ந்து ஒரு பகலில் முடிப்போமாயின், மறுநாட்காலை வண்டியும் புதுப்பொலிவுடன் நிற்கும். முற்றத்து மண்ணிலும் பிள்ளைகளை அச்சமின்றி விளையாட விடலாம்.